பார்வை திடீரென்று மாறினால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

படித்துக்கொண்டிருந்த வரியில் ஒரு சொல்லின் நடுவே இரண்டு எழுத்தைக் காணவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அடுத்த வரியிலும் அதே இடம் காலி. ஐந்து நிமிடத்தில் அந்த ஓட்டையின் விளிம்பில் பளபளவென்று ஒரு கோணல்மாணல் கோடு துடிக்க ஆரம்பித்தது. அது பிறை வடிவில் அகலமாகி, மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, இருபத்தைந்தாவது நிமிடம் வெளியேறிவிட்டது. பிறகு லேசான தலைவலி, அவ்வளவுதான்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் செய்த காரியம் ஒன்றுகூட உருப்படியில்லை. கண்ணைக் கசக்கினேன், தண்ணீர் அடித்துக் கழுவினேன், அலமாரியில் கிடந்த பழைய சொட்டு மருந்தை விட்டேன், கடைசியில் ‘அதான் சரியாகிவிட்டதே’ என்று சும்மா இருந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

“ஒரு கண்ணுலயா, ரெண்டு கண்ணுலயுமா?”

எனக்கு வந்தது மைக்ரேன். பார்வையைப் பறிக்காத வகை. ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால் நேரத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்: பார்வை மாறிய நிமிடத்திலிருந்து மருத்துவர் முன் உட்காரும் வரை.

படி 1: உட்காருங்கள், மணி பாருங்கள்

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரங்கட்டுங்கள். மாடிப்படியில் இருந்தால் அங்கேயே உட்காருங்கள். உடனே மணி பாருங்கள், முடிந்தால் எழுதி வையுங்கள்.

பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போடுவார்கள். அந்தக் கணக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. தூங்கி எழும்போதே பார்வை சரியில்லை என்றால், எழுந்த நேரத்தைச் சொன்னால் போதாது. இரவு எத்தனை மணி வரை நன்றாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

படி 2: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பத்து நொடி வேலை.

உள்ளங்கையைக் குழித்து வலது கண்ணை மூடுங்கள். விரலால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் கையை எடுத்த பிறகு சிறிது நேரம் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். எதிரே ஒரு சுவர்க்கடிகாரமோ, ஒருவருடைய முகமோ இருக்கட்டும். கடிகாரத்தின் நடுப்புள்ளியையோ மூக்கின் நுனியையோ பாருங்கள். பார்வையை அசைக்காமலேயே பன்னிரண்டு எண்ணும் தெரிகிறதா, இரண்டு காதும் தெரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. “வலது கண் போச்சு” என்று சொல்லிக்கொண்டு வருகிற பலருக்கு வலது கண்ணில் ஒன்றும் இருக்காது. போயிருப்பது இரண்டு கண்ணுக்கும் பொதுவான வலது பாதி. உலகின் வலப்பக்கத்தை நம் இரண்டு கண்களுமே பார்க்கின்றன. அந்தச் செய்தி இடப்பக்க மூளையின் பின்பகுதிக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ரத்த ஓட்டம் நின்றால், எந்தக் கண்ணை மூடினாலும் வலது பாதி இருக்காது. கடிகாரத்தில் 1 முதல் 5 வரை காணோம் என்பார்கள். வரியின் கடைசிச் சொற்களை விட்டுவிட்டுப் படிப்பார்கள், கதவுநிலையில் வலது தோளை இடித்துக்கொள்வார்கள். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அது கண் நோயே அல்ல, பக்கவாதம்.

ஆக, ஒரு கண்ணை மூடியதும் குறை முழுவதுமாக மறைந்துவிட்டால் கோளாறு மூடிய கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. எதை மூடினாலும் அதே இடத்தில் குறை தொடர்ந்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் இதே சோதனைதான், விடை மட்டும் தலைகீழ். ஒரு கண்ணை மூடியும் இரட்டையாகவே தெரிந்தால் பெரும்பாலும் கண்புரை, உலர்ந்த கண் போன்ற, திறந்திருக்கும் கண்ணின் விவகாரம், அவசரம் குறைவு. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறதென்றால் இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். கண்ணை அசைக்கும் தசை, நரம்பு, மூளை இவற்றில் ஏதோ ஒன்றில் சிக்கல். கூடவே ஓர் இமை தொங்கி, அந்தக் கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். மூளையின் ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் நரம்பை அழுத்தும்போது இப்படி ஆகலாம், அது வெடிக்கவும் கூடும்.

படி 3: புதிதாக ஏதாவது தெரிகிறதா, இருந்தது மறைகிறதா?

மைக்ரேன் பார்வையில் எதையாவது கூட்டும்: மின்னும் கோடு, கோட்டைச்சுவர் போன்ற கோணல், வெந்நீர் ஆவிக்குப் பின்னே பார்ப்பதுபோன்ற அலை. அது நகரும், வளரும். 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முடியும். காரணம் சுவாரசியமானது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த கோடுகளை நிமிடவாரியாகக் காகிதத்தில் வரைந்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941இல் கணக்குப் போட்டார். 1944இல் பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர் லெயாவ், முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஊரும் அலையை மின் பதிவாகவே பிடித்துக் காட்டினார். அலை ஊர்வதால்தான் கோடும் ஊர்கிறது. மூளையில் நடப்பதால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

ரத்தக்குழாய் அடைப்பு நேர் எதிர். அது எதையும் கூட்டாது, எடுத்துக்கொள்ளும். ஊர்ந்து வராது, சட்டென்று வரும். ஒரு கண்ணில் மேலிருந்து நிழல் இறங்குவதுபோல் இருட்டி, சில நிமிடங்களில் திரும்பத் தெளிந்தும் விடலாம். வலி இராது. ‘ஏதோ அசதி’ என்று விட்டுவிடத் தோன்றும். எனக்கு மிகவும் பயமான அறிகுறி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வலி இருந்தாலாவது ஆள் ஓடியிருப்பார். கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ உதிர்ந்த துணுக்கு கண்ணின் ரத்தக்குழாயில் சிக்கிப் பிறகு நகர்ந்திருக்கலாம். அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். அந்த ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். பார்வை திரும்பிவிட்டது என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் பேசும். குனிந்து நிமிரும்போது சில நொடிகள் மட்டும் இரு கண்ணும் மறைந்து மறைந்து வந்தால், கூடவே நாள்கணக்கில் தலைவலியும் இருந்தால், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். சட்டென்று எழுந்தபோது ஒருமுறை கண்ணை இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் போய்விட்டால், பெரும்பாலும் ரத்த அழுத்தம் சற்று இறங்கியதுதான்.

ஓர் எச்சரிக்கை: இதற்கு முன் மைக்ரேனே வராத, நாற்பதைத் தாண்டியவர் முதல் முறை வரும் மின்னலை ‘இது மைக்ரேன்’ என்று தானே முடிவு கட்டக் கூடாது.

படி 4: கண்ணைத் தாண்டி விசாரியுங்கள்

பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். சிரித்துக் காட்டுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று அவர் பார்க்கட்டும். இரு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடுங்கள். ஒரு கை தழைகிறதா? ஒரு முழு வாக்கியம் சொல்லுங்கள், குழறுகிறதா? நடந்தால் தள்ளாடுகிறதா? ஒன்று இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் இன்னும் மூன்று கேள்வி: நெற்றிப்பொட்டில் புதிதாக வலி உண்டா? தலை சீவும்போது மண்டைத்தோல் தொட்டால் நோகிறதா? மெல்லும்போது தாடை கடுத்து, நிறுத்தினால் சரியாகிறதா? கடைசிக் கேள்வியை யாரும் பார்வையோடு சேர்த்து யோசிப்பதில்லை. பல்வலி என்று பல் மருத்துவரிடம் போவார்கள். தலையின் தமனிகள் அழற்சியால் வீங்கும் நோய் இது. ஒரு கண்ணை அணைத்துவிட்டுச் சில நாட்களிலேயே அடுத்த கண்ணுக்கும் வரக்கூடியது. சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்.

இருபது வாரம் கடந்த கர்ப்பிணிக்கோ, பிரசவம் முடிந்து சில வாரமே ஆன தாய்க்கோ கண்ணில் பூச்சி பறந்து, தலைவலியும் மேல்வயிற்று வலியும் இருந்தால் ரத்த அழுத்தம் பார்க்காமல் தூங்கப் போகக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரசவ ஆஸ்பத்திரிக்கு உடனே. எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறிகளோடு மருத்துவரிடம் பேசாமல் இருக்காதீர்கள்.

படி 5: எவ்வளவு அவசரம்?

*இந்த நிமிடமே கிளம்ப வேண்டியவை.* வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டுவிட்டது: விழித்திரையின் தமனி அடைபட்டிருக்கலாம், கண்ணுக்கு வந்த பக்கவாதம் அது. ரத்தம் இல்லாமல் விழித்திரை நான்கு மணி நேரம்கூடத் தாங்குவது கடினம். பாதிப் பார்வை காணாமல் போவது, திடீர் இரட்டைப் பார்வை, முன் படியில் சொன்ன முகம், கை, பேச்சு அறிகுறிகள் எல்லாம் இதே வரிசை.

கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, குமட்டி வாந்தியும் வந்தால் அது கண் அழுத்த நோயான கிளாக்கோமாவின் திடீர்த் தாக்குதல். கண்ணின் உள்நீர் வடியும் மூலை அடைத்துக்கொள்கிறது. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும் கண் அழுத்தம் 40, 50 என்று எகிறும். தூரப்பார்வைக்காகக் கண்ணாடி (பிளஸ் பவர்) போடுகிறவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். இருட்டில் கருமணி விரியும்போது தொடங்குவதுண்டு. வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் மட்டும் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை: குழாயடியில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும். சுண்ணாம்போ சிமென்டோ தூளாக ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடைத்தெடுத்துக்கொண்டே கழுவ வேண்டும்.

*இன்றைக்கே பார்த்தாக வேண்டியவை.* இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தயங்கி நிற்பவர்கள் இங்கேதான் அதிகம். இருட்டு அறையில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, அரை நொடிதான். மறுநாள் வெள்ளைச் சுவரில் நூல்போல், கொசுபோல், சிலந்தி வலைபோல் ஏதோ மிதக்கிறது. பார்க்கப் போனால் நழுவுகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் 99 சதவீதம் தண்ணீர்தான். வயதாக ஆக அது சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையிலிருந்து கழன்று வரும். கழலும்போது இழுக்கிறது. விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது; இழுத்தாலும் கிள்ளினாலும் அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம். அதுதான் அந்த மின்னல்.

பெரும்பாலானவர்களுக்குக் கூழ் கழன்றதோடு முடிந்துவிடும். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்த இழுப்பில் விழித்திரை கிழிந்திருக்கும். கிழிசல் மட்டும் என்றால் லேசரால் அதன் ஓரத்தைச் சுற்றி ஒட்டிவிடலாம், சில நிமிட வேலை. அன்றே வீட்டுக்குத் திரும்பலாம். விட்டுவிட்டால் கிழிசல் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரில் தாள் உரிவதுபோல் விழித்திரை உரியத் தொடங்கும். பிறகு அறுவை சிகிச்சைதான். மிதப்பவை திடீரென்று மழைபோல் கொட்டினாலோ, புகை சூழ்ந்தாற்போல் ஆனாலோ உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கிழிசல் இல்லாமலும் இது நேரும். ஓரத்திலிருந்து திரை நகர்ந்து வந்தால் விழித்திரை உரிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ‘இன்றே’ என்பது ‘இப்போதே’ ஆகிவிடும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் நிழல் கீழிருந்து ஏறினால் உரிவது மேற்பகுதி. அது பார்வையின் மையத்தை நோக்கி வேகமாக இறங்கும். மையம் உரிவதற்கு முன் அறுவை நடந்தால் பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்கள் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

நேரான கோடு வளைந்து தெரிந்தால், கதவுச் சட்டம் நடுவில் நெளிந்தால், விழித்திரையின் மையத்தில் கசிவு இருக்கலாம். ஓர் இளவயதுக்காரருக்குச் சில நாளுக்குள் ஒரு கண் மங்கி, கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்து, சிவப்பு நிறம் அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பில் அழற்சி. சிவப்பாக ஏதாவது ஒரு பொருளை எடுத்துக் கண் மாற்றிக் கண் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லென்ஸ் போடுகிறவருக்குச் சிவந்து, வலித்து, மங்கினால் லென்ஸைக் கழற்றி, தூக்கி எறியாமல், அதன் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போங்கள். கிருமி அதில் இருக்கலாம்.

*காத்திருக்கக் கூடியவை* கொஞ்சம்தான். மருத்துவர் ஏற்கெனவே உறுதி செய்த, அதே மாதிரி வந்துபோகும் மைக்ரேன். வருடக்கணக்காக மாறாமல் இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள். இமை துடிப்பு. சர்க்கரை அளவு ஏறி இறங்குவதால் இரு கண்ணும் மெல்ல மங்குவதும் இங்கே சேரும்; ஆனால் அப்போது சர்க்கரையை அளந்துவிட வேண்டும். தாழ்ந்திருந்தால் அதுவே அவசரம்.

படி 6: எந்த வாசலுக்குப் போவது?

கண்ணாடிக் கடை இதற்கான இடம் அல்ல. சட்டென்று இருண்ட கண், பாதி மறைந்த பார்வை, இரட்டைப் பார்வை, வந்துபோன இருட்டு, இவற்றுக்கு ஸ்கேன் வசதியும் பக்கவாதப் பிரிவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. மின்னல், திரை, மிதப்பவை, நெளியும் கோடு, சிவந்து வலிக்கும் கண், இவற்றுக்கு விழித்திரை நிபுணர் உள்ள கண் ஆஸ்பத்திரி. எது என்று புரியவில்லையா? பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். கருமணியை விரிக்கும் மருந்து விட்டால் திரும்பும்போதும் சில மணி நேரம் ஓட்ட முடியாது. ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்; பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக் கசிவாலும் வரும், ஸ்கேன் எடுக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. மிச்சம் வைத்த சொட்டு மருந்தும் வேண்டாம். கண்ணைக் கசக்குவதும் வேண்டாம். திரை விழுந்த கண்ணோடு போகிறவர் கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று நினைவில் வைத்திருப்பது நல்லது, மயக்க மருந்துக்கு முன் கேட்பார்கள்.

படி 7: அங்கே என்ன சொல்வது?

“கண் மங்குது” என்ற ஒரே சொல்லோடு வரிசையில் நின்றால் வரிசையில்தான் நிற்பீர்கள். வாசலிலேயே இப்படிச் சொல்லுங்கள்: “காலை எட்டே காலுக்கு வலது கண் திடீர்னு இருண்டது. இடது கண் நல்லா இருக்கு, மூடிப் பார்த்தேன். வலி இல்ல. பி.பி., சர்க்கரை ரெண்டும் இருக்கு.” எப்போது, எந்தக் கண், எப்படி வந்தது, வலி உண்டா, என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலில் சொல்ல வேண்டும்.

அவர்கள் டார்ச் அடித்துக் கருமணியைப் பார்ப்பார்கள், அழுத்தம் அளப்பார்கள், கருமணியை விரித்து விழித்திரையை விளிம்பு வரை பார்ப்பார்கள். வந்துபோன இருட்டுக்காகப் போயிருந்து, “கண்ணில் ஒன்றும் இல்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அங்கேயே நின்று கேளுங்கள்: கழுத்துத் தமனியும் இதயமும் பார்க்க வேண்டாமா? ஐம்பதைத் தாண்டியவர் ரத்தத்தில் அழற்சி அளவையும் கேட்கலாம். மின்னலுக்காகப் போனவரிடம் கிழிசல் இல்லை என்று சொன்னாலும் அடுத்த சில வாரத்துக்குள் இன்னொரு முறை வரச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள். அதற்கு முன்பே மின்னல் கூடினால், மிதப்பவை பெருகினால், நிழல் எட்டிப் பார்த்தால், நேற்றுதான் காட்டினோமே என்று நினைக்காமல் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு அந்தக் கோடு மறுபடியும் வந்தது, ஏழெட்டு மாதம் கழித்து. இந்த முறை மணி பார்த்தேன், ஒவ்வொரு கண்ணாக மூடினேன். எந்தக் கண்ணை மூடினாலும் இடப்பக்கம் அதே கோணல் தெரிந்தது. கையில் கிடைத்த உறையின் பின்பக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை வரைந்து, பக்கத்தில் நேரமும் போட்டு வைத்தேன். நடுவிலிருந்து ஓரம் வரை ஐந்து பிறைகள். மருத்துவர் உறையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் என் கோப்பில் அதைச் செருகிக்கொண்டார்.